முகவர் போனை எடுக்கவில்லை: முதல் வீடு வாங்குபவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

சிங்கப்பூர் யீஷூனில் நாலறை மறுவிற்பனை வீடு வாங்கிக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வாங்கிய கதையில் பாதி, பதில் வராத வாட்ஸ்அப்தான். அதை நாலு பேரிடம் சொல்லப்போய், இப்போது அலுவலகத்திலும் கோயில் வரிசையிலும் வீடு தேடுகிற யாரைப் பார்த்தாலும் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். நான் முகவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டிக் கை வலிப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்ற அரசு அமைப்பு) மறுவிற்பனை வீட்டைப் பற்றித்தான்; தனியார் அடுக்குமாடியான கொண்டோ வாங்குகிறவர்களுக்குச் சில இடங்கள் பொருந்தாது.

விளம்பரத்தைப் பார்த்து மெசேஜ் அனுப்பினேன். இரண்டு நாளாகப் பதில் இல்லை. ஏன்?

முதலில் உங்கள் மெசேஜை ஒருமுறை படித்துப் பாருங்கள். "இன்னும் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டிருந்தால், அதே கேள்வியை அன்றைக்கு இருபது பேர் அனுப்பியிருப்பார்கள். அவற்றில் யார் உண்மையில் வாங்கப் போகிறவர் என்று முகவருக்கு எப்படித் தெரியும்? அவர் முதலில் பார்ப்பது உங்களிடம் வீவக வீட்டுத் தகுதிக் கடிதம், அதாவது எல்லாரும் சொல்லும் எச்எஃப்இ, இருக்கிறதா என்பதைத்தான். 2023 மே மாதத்திலிருந்து அந்தக் கடிதம் இல்லாமல் ஓடிபி வாங்க முடியாது. (வங்கி அனுப்புகிற ஆறு இலக்க ஓடிபி இல்லை. விற்பவர் கையெழுத்துப் போட்டுத் தருகிற வாங்கும் உரிமைப் பத்திரம். இந்தப் பேரை வைத்தவர் யாரோ, குழப்பத்துக்கென்றே வைத்திருக்கிறார்.) கடிதம் வர ஒரு மாதம்கூட ஆகலாம். வந்தால் ஒன்பது மாதம் செல்லும்.

அதனால் முதல் மெசேஜிலேயே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: எச்எஃப்இ கையில் இருக்கிறது, எந்த மாதத்துக்குள் குடிபோக வேண்டும், இந்த வாரம் எந்த இரண்டு மாலை பார்க்க வர முடியும். நான் இப்படி மாற்றி எழுதிய பிறகு பதில் வருவது கூடியது. எல்லாரும் பதில் போட்டார்கள் என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. வீடு எப்போதோ கைமாறியிருக்கும், விளம்பரம் மட்டும் நின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்களுக்கு வேறு வீட்டைக் காட்டலாமே என்று சிலர் விட்டுவைப்பார்கள். வீவக 2024 மே 30 முதல் தன் இணையவாசலிலேயே மறுவிற்பனைப் பட்டியல் நடத்துகிறது. விற்கும் எண்ணத்தைப் பதிவு செய்தவர்கள் மட்டுமே அதில் போட முடியும், ஒரு வீட்டுக்கு ஒரு விளம்பரம்தான். தேடலை அங்கே தொடங்கினால் பேய் விளம்பரத் தொல்லை குறையும்.

எத்தனை நாள் பொறுக்கலாம்?

பார்க்க வருவதற்கு என்றால் இரண்டு நாள். பணம் கைமாறிய பிறகு என்றால் அன்றைக்கே. சீனப் புத்தாண்டு வாரத்தில் யாரும் பதில் போட மாட்டார்கள், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் வீட்டில் ஆடி மாதம் வேண்டாம் என்பார்கள், சில சீனக் குடும்பங்களில் சீன நாள்காட்டியின் ஏழாம் மாதம் வேண்டாம் என்பார்கள். இரண்டும் ஆகஸ்ட் பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும்.

"என் முகவர்" என்று நான் சொல்கிறவர் உண்மையில் என் முகவரா?

என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஆறேழு பேருக்குச் சிக்கல் இங்கேதான். விளம்பரம் போட்டவர் விற்பவருடைய ஆள். வீட்டைக் காட்டியதும், "தம்பி, வாங்க" என்று தமிழில் பேசியதும், தண்ணீர் பாட்டில் கொடுத்ததும் அவரை உங்கள் ஆளாக்கிவிடாது. நல்ல விலைக்கு விற்றுக் கொடுப்பதுதான் அவருக்கு வேலை. உங்களைவிட இருபதாயிரம் வெள்ளி கூடத் தருவதாகச் சொன்ன ஒருவர் வந்துவிட்டால் உங்கள் மெசேஜுக்கு அவர் அவசரப்படுவாரா?

ஒரே வீட்டுக்கு ஒரே முகவர் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சேர்த்து வேலை பார்க்கக் கூடாது, இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கக் கூடாது. சிங்கப்பூரில் இது சட்டம். அதனால் விற்பவருடைய முகவர், "நீங்க வேற ஆள் பார்க்க வேண்டாம், நானே ரெண்டு பேருக்கும் முடிச்சுத் தர்றேன், ஒரு சதவீதம் போதும்" என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு முகவர்கள் ஆளுக்கொரு பக்கம் இருப்பது வேறு கதை, அதற்குத் தடை இல்லை.

உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொண்டால், அவர் உங்களுக்கு வேலை செய்கிறார் என்பதற்கு அடையாளம் ஒப்பந்தம். அதற்கு அரசு வகுத்த படிவம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் "ஓகே ப்ரோ" என்று சொன்னதை வைத்துக்கொண்டு பின்னால் சண்டை போடுவது கஷ்டம்.

என் பெயரைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறது. நான் நினைப்பது சரியா?

இந்தக் கேள்வியை நம்மவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். உரக்கவே பேசலாம்.

வீவக வீடுகளுக்கு 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று ஒரு வரம்பு. இந்தியர், மற்றவர் பிரிவுக்கு வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15. அந்த அளவு நிரம்பிவிட்டால், சீனரோ மலாய்க்காரரோ விற்கும் வீட்டை நம்மால் வாங்க முடியாது. விற்பவரும் நம் பிரிவாக இருந்தால் வாங்கலாம். உங்கள் பெயரைப் பார்த்ததும் சில முகவர்கள் மனதுக்குள் இந்தக் கணக்கைப் போட்டு, "முடியாது" என்று சொல்லக்கூடச் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறார்கள். ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கும் கோபம் வரும்.

ஆனால் இதற்கு முகவரைக் கேட்கவே வேண்டியதில்லை. வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணும் தெருப் பெயரும் போட்டால் உங்கள் இனத்துக்கு இடம் இருக்கிறதா என்று காட்டிவிடும். மாதத்தின் முதல் நாள் புதுப்பிக்கிறார்கள். நானும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேநீரோடு உட்கார்ந்து, பிடித்த புளோக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, "முடியாது" என்று வந்ததையெல்லாம் நோட்டில் அடித்துக்கொண்டே போனோம். முதல் வாரமே பதினொன்று போயிற்று. மனது கொஞ்சம் சுருங்கியது உண்மை. ஆனால் அந்தப் பதினொன்றுக்கும் யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை.

நிரந்தரவாசிகளுக்கு இன்னும் இரண்டு வாசல்படி. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்களுக்குத் தனி வரம்பு உண்டு: வட்டாரத்தில் 5, புளோக்கில் 8 விழுக்காடு. குடும்பத்தில் எல்லாருமே நிரந்தரவாசிகள் என்றால், அந்தத் தகுதி கிடைத்து மூன்று வருடம் ஆகியிருக்கவும் வேண்டும்.

இடம் இருக்கிறது என்று இணையம் சொல்கிறது, அப்படியும் உங்கள் பெயரைப் பார்த்தால் மட்டும் மௌனம் என்றால், அந்த முகவரைக் கெஞ்சி என்ன ஆகப்போகிறது? அடுத்த வீட்டைப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விலை சொல்லிவிட்டேன். அது விற்பவர் காதுக்குப் போனதா என்றே தெரியவில்லை.

வந்த விலையைத் தன் கட்சிக்காரரிடம் சீக்கிரம் தெரிவிப்பது முகவரின் கடமை. வாயால் சொன்ன விலைக்கு எந்தத் தடயமும் இருக்காது, எழுத்தில் அனுப்புங்கள். நான் அனுப்பியது ஆங்கிலத்தில், சாரம் இதுதான்: "யீஷூன் நாலறை வீட்டுக்கு எங்கள் விலை இவ்வளவு. எச்எஃப்இ தயார். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி வரை இந்த விலை நிற்கும். விற்பவரிடம் தெரிவித்ததும் ஒரு வரி போடுங்கள்." தேதி போட்டால்தான் ஆளுக்கு அசைவு வரும். அந்தத் தேதி தாண்டினால் நீங்களும் தாண்டிவிட வேண்டும். ஞாயிறு வரை நீட்டினேன் என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் திங்கள், செவ்வாய் என்று நீட்டிக்கொண்டே போனதுதான் மிச்சம்.

விற்பவரிடமே நேராகப் பேசிவிடலாமா?

பேசினால் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் தன் முகவரோடு தனியுரிமை ஒப்பந்தம் (வேறு முகவரை வைக்க மாட்டேன் என்பது) போட்டிருந்தால், நீங்கள் நேராக வாங்கினாலும் அவர் கமிஷன் கொடுக்க வேண்டிவரலாம். அதனால் அவருக்கு அதில் லாபம் பெரிதாக இருக்காது. வீடு பார்க்கப் போன இடத்தில் ஆச்சியோ அங்கிளோ காப்பி கொடுத்துப் பேச்சுக் கொடுத்தால் பேசுங்கள், விலையை மட்டும் எழுத்தில் முகவர் வழியாகவும் அனுப்பிவிடுங்கள்.

ஓடிபி கையெழுத்தான பிறகு என் முகவர் காணாமல் போய்விட்டார். என்ன செய்வது?

எனக்கு நடந்ததும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, விற்பவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஓடிபியில் கையெழுத்தாயிற்று. ஆயிரம் வெள்ளி கொடுத்தோம். ஒரு வெள்ளியிலிருந்து ஆயிரம் வெள்ளி வரை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், ஆயிரம்தான் உச்சம். மசே நிதியோ (சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேம நிதி) கடனோ பயன்படுத்துவதாக இருந்தால் அடுத்த வேலைநாளுக்குள் வீட்டின் மதிப்பைக் கேட்டு வீவகவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். "நான் பார்த்துக்கறேன், நீங்க நிம்மதியா தூங்குங்க" என்றார் எங்கள் முகவர். தூங்கினோம்.

புதன் மதியம் மெசேஜ் அனுப்பினேன், ஒரு டிக். மூன்று மணிக்குக் கூப்பிட்டேன், நேராக வாய்ஸ்மெயில். ஆறு மணிக்கும் அதே ஒரு டிக். இரவு எட்டரைக்கு மனைவி, "அவர் செஞ்சா என்ன, நாம செஞ்சா என்ன, நம்ம சிங்பாஸ்தானே" என்றாள். வீவக இணையத்தளத்துக்குள் நுழைவது சிங்பாஸ் என்ற நம் அரசு இணைய அடையாளத்தால்தான். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஓடிபியின் முதல் பக்கத்தை ஏற்ற வேண்டும். ஸ்கேன் அவரிடம், மூலப் பத்திரம் எங்களிடம். மேசை விளக்கின் கீழே வைத்துப் போனில் படம் பிடித்தால் என் கையின் நிழலே குறுக்கே விழுந்தது. மூன்றாவது தடவை மகள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். 120 வெள்ளி கட்டி விண்ணப்பத்தை அனுப்பியபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அரை மணி நேர வேலை, அதற்காக ஒரு நாள் முழுக்க வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத் தவறவிட்டிருந்தால்? வீவக அதை ஏற்காமல் போகலாம். மதிப்பு தெரியாமல் மசே நிதியும் கடனும் எவ்வளவு என்று நிற்காது. பேசிய விலை மதிப்பைவிடக் கூட இருந்தால், அந்த வித்தியாசம் முழுக்க ரொக்கம். அது தெரியாமல் எப்படி மேலே போவது?

அப்புறம் 21 நாள் கெடு. சனி, ஞாயிறு, பொதுவிடுமுறை எல்லாம் சேர்த்து 21, கடைசி நாள் மாலை நாலு மணி வரைதான். அதற்குள் வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டு மீதி முன்பணம் கட்ட வேண்டும். முதலில் கொடுத்ததையும் சேர்த்து 5,000 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. வங்கிக் கடன் என்றால் வங்கியின் கடன் கடிதம் அதற்கு முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். நாலு மணி தாண்டினால் ஓடிபி செல்லாது, கொடுத்த பணமும் போச்சு. உங்கள் முகவர் மாமியாரைப் பார்க்க மலேசியா போயிருந்தார் என்பதெல்லாம் கெடுவுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினோம், அதில் நாலே வரி: மதிப்பு விண்ணப்பம், கடன் கடிதம், நாலு மணிக் கெடு, மறுவிற்பனை விண்ணப்பம். கடைசியாகச் சொன்னதை வாங்குபவரும் விற்பவரும் தனித்தனியாகப் போடுவார்கள், ஒருவர் போட்ட ஏழு நாளுக்குள் மற்றவரும் போட வேண்டும்.

எங்கள் முகவர் வெள்ளிக்கிழமை காலை வந்தார். குடும்பத்தில் ஒரு அவசரம் என்றார். உண்மையாகவே இருக்கலாம். அந்தத் தாளைப் படம் எடுத்து அவருக்கும் ஒன்று அனுப்பிவைத்தேன்.

முகவரோடு ஒப்பந்தம் போட்டுவிட்டேன். விலகிக்கொள்ள முடியுமா?

ஒப்பந்தம் தனியுரிமையா, இல்லையா என்று முதலில் பாருங்கள். தனியுரிமை இல்லை என்றால் வேறு முகவரையும் வைத்துக்கொள்ளலாம். தனியுரிமை என்றால் மூன்று மாதத்துக்கு மேல் போட முடியாது, முடியும் தேதி அதிலேயே இருக்கும். நடுவில் விலக வேண்டுமானால் முகவரோடு மல்லுக்கு நிற்பதைவிட அவருடைய நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போடுவது வேகம். எந்தெந்தத் தேதியில் எத்தனை முறை தொடர்புகொண்டீர்கள் என்று வரிசையாக எழுதி, அதே நிறுவனத்தில் வேறு ஆளைக் கேளுங்கள், அல்லது எழுத்தில் விடுவிக்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் ஆளை மாற்றித் தந்துவிடும்.

முன்பணத்தைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். பதில் வராதவர் இதற்கு மட்டும் உடனே பதில் போடுகிறார்!

அனுப்பாதீர்கள். சிங்கப்பூரில் வீடு வாங்கும், விற்கும் பணத்தை முகவர் கையால் தொடக் கூடாது. விற்பவருக்கு நேராகப் போக வேண்டும். இப்படிக் கேட்டவர் உண்மையில் பதிவு பெற்ற முகவர்தானா என்பதையே நான் முதலில் சந்தேகப்படுவேன். சிஇஏ எனப்படும் சொத்து முகவைகள் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அவர் போன் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண், எந்த நிறுவனம், இதுவரை முடித்த வீவக மறுவிற்பனைகள், ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா, எல்லாம் அங்கே இருக்கும். முகவரை அமர்த்துவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது இது. நான் அப்போது பார்க்கவில்லை.

முகவர் எங்கள் சொந்தக்காரர். எப்படிக் கேட்பது?

ஐயோ. மாமா பையன் முகவராக இருந்தால் மௌனத்தைக்கூட மரியாதையோடு தாங்க வேண்டியிருக்கிறது. என் சகலை ஒருவருக்கு இப்படித்தான் ஆயிற்று. கல்யாண வீட்டில் பார்த்தால் அந்த முகவர் "கட்டாயம் பண்ணிடலாம் அத்தான்" என்பார், மறுநாள் போனை எடுக்க மாட்டார். கடைசியில் அத்தையிடம் சொன்னார்கள், அத்தை மூன்று நாள் பேசவில்லை. சொந்தக்காரரை வைத்தால் முதல் நாளே ஒப்பந்தப் படிவம் போட்டுவிடுங்கள். "உனக்காக இல்லப்பா, வங்கிக்காரன் கேட்டாலும் கேட்பான்" என்று பழியைத் தூக்கி வங்கி மேல் போடலாம்.

முகவரே இல்லாமல் வாங்க முடியுமா?

முடியும். வாங்குபவருக்கு முகவர் கட்டாயம் இல்லை. எச்எஃப்இ, மதிப்பு, விண்ணப்பம் எல்லாம் உங்கள் சிங்பாஸ் வழியாகத்தான். வீவக விண்ணப்பத்தை ஏற்ற எட்டு வாரத்துக்குள் சாவி கைமாறிவிடும். விலை பேசத் தெரிந்தவராகவும், படிவங்களைப் பொறுமையாகப் படிக்கிறவராகவும் இருந்தால் போதும். 600,000 வெள்ளி வீட்டுக்கு ஒரு சதவீதம் என்றால் 6,000, பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்த்து 6,540 வெள்ளி. அந்தப் பணத்துக்குச் சமையலறைக் கேபினட் வரும். ஆனால் விலை பேச நாக்கு வராதவர்கள், இரண்டு பேரும் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள் நல்ல முகவருக்குக் கொடுக்கும் காசு வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

புகார் எங்கே கொடுப்பது?

பதில் போடாதது, மெத்தனம் போன்றவற்றுக்கு முதலில் முகவரின் நிறுவனம். இரண்டு பக்கமும் வேலை பார்த்தது, பணத்தைக் கையில் வாங்கியது, பொய் விளம்பரம் போன்றவற்றுக்கு நேராக சிஇஏ. அது 2010-இல் அமைந்த அரசு அமைப்பு. முகவரைத் தண்டிக்க முடியும், உங்கள் பணத்தை மீட்டுத் தருவது அதன் வேலை இல்லை. பணத் தகராறு என்றால் சமரசப் பேச்சு ஒரு வழி. அரசுப் படிவத்தில் ஒப்பந்தம் போட்டிருந்து நீங்கள் சமரசம் கேட்டால் நிறுவனம் வந்தாக வேண்டும். இன்னொரு வழி சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை, வழக்கறிஞர் இல்லாமலே. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

எல்லா வேலையும் நானே செய்தேன். சாவி வாங்கும் நாளில் வந்து முழுக் கமிஷன் கேட்கிறார்.

கமிஷனுக்கு அரசு விகிதம் எதுவும் கிடையாது, ஒரு சதவீதம் என்பதெல்லாம் வழக்கம்தான். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டதை வேலை பிடிக்கவில்லை என்று நாமாகக் குறைத்துவிட முடியாது. குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். நான் நிறுவனத்துக்கு எழுதினேன்: செவ்வாய் கையெழுத்து, புதன் முழுக்க ஒரு டிக், எட்டரைக்கு நாங்களே ஏற்றியது, அந்த 120 வெள்ளி ரசீது, எல்லாவற்றுக்கும் படம். திட்டி எழுத மனைவி விடவில்லை. பத்து நாள் கழித்து மேலாளர் கூப்பிட்டார், கால் பங்கு குறைத்துப் புது பில் அனுப்பினார்.

முகவர் அதற்குள் தன் பேநவ் எண்ணை, அதாவது போன் வழியாகப் பணம் அனுப்பும் எண்ணை, தனியாக அனுப்பியிருந்தார். கமிஷன் நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும், தனி ஆளுக்குப் போகக் கூடாது. அந்த மெசேஜை நான் பார்த்துவிட்டேன், நீல டிக்கும் விழுந்துவிட்டது. பதில் மட்டும் போடவில்லை.